கரியமில வாயுவிலிருந்து எரிபொருள்: மீத்தேனா, மெத்தனாலா, மின்முனையா?

கரியமில வாயுவை எரிபொருளாக்குவது பற்றிப் பேசும்போது எல்லோரும் கார்பனுக்கே கணக்குப் பார்க்கிறார்கள். செலவு முழுவதும் ஹைட்ரஜனில் இருக்கிறது. தண்ணீரைப் பிளந்து அதை எடுப்பதற்குத்தான் மின்சாரம் கரைகிறது. ஆகவே, பாடுபட்டு எடுத்த ஹைட்ரஜன் எங்கே போய்ச் சேர்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

இயற்கை எரிவாயுவின் முக்கியக் கூறான மீத்தேனுக்குப் போகும் வழி மிகப் பழையது. பிரெஞ்சு வேதியியலர் பால் சபாட்டியே காட்டியது. நிக்கல் வினையூக்கியும் 300 முதல் 400 டிகிரி செல்சியஸ் வெப்பமும் போதும். ஒரு கரியமில வாயு மூலக்கூறுக்கு நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகள் வேண்டும். அவற்றில் இரண்டின் அளவு மறுபடியும் தண்ணீராகிவிடுகிறது. சரிபாதி! மோலுக்கு 165 கிலோஜூல் வெப்பம் வேறு வெளியேறுகிறது. அதை உடனுக்குடன் அகற்றாவிட்டால் நிக்கல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செயலிழக்கும். இருக்கிற எரிவாயுக் குழாயிலேயே அனுப்பலாம் என்பது பெரிய வசதிதான். ஆனால் கசிந்தால், மீத்தேன் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

ஆல்கஹால் வகையைச் சேர்ந்த மெத்தனாலுக்கு மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகள், தண்ணீராவது ஒன்றுதான். தாமிரமும் துத்தநாக ஆக்சைடும் அலுமினாவும் சேர்ந்த வினையூக்கியின் மேல், 50 முதல் 100 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) வினை நடக்கிறது. ஒருமுறை செலுத்தினால் வாயுவின் பெரும்பகுதி மாறாமலே வெளியே வரும். திரும்பத் திரும்பச் சுற்றிவிட வேண்டும். இருந்தாலும் கிடைப்பது திரவம், சாதாரணத் தொட்டியில் சேமிக்கலாம். ஐஸ்லாந்தில் புவிவெப்ப மின்நிலையத்து வாயுவைக் கொண்டு ஆண்டுக்கு 4,000 டன் தயாரிக்கும் அளவுக்கு ஓர் ஆலையே அமைத்திருக்கிறார்கள். மெத்தனாலை எரிபொருளாக்க வலியுறுத்திய வேதியியலர் ஜார்ஜ் ஓலாவின் பெயர் தாங்கிய ஆலை அது.

மூன்றாவது வழியில் தனியாக ஹைட்ரஜன் எடுக்கும் வேலையே இல்லை. வாயுவும் தண்ணீரும் மின்சாரம் பாயும் மின்முனையிலேயே வினைபுரிகின்றன. தாமிர மின்முனையில் மீத்தேனும் எத்திலீனும் உருவாவதை 1980களில் ஜப்பானிய வேதியியலர் யோஷியோ ஹோரி காட்டினார். வேதியியலாக இதுதான் என்னை மிகவும் ஈர்க்கிறது. ஆனால் இந்த வினை நடந்த மின்கலத்தைப் பிரித்துப் பாருங்கள்: மின்முனையின் நுண்துளைகளில் வெள்ளை உப்பு பூத்திருக்கும். எரிபொருளாக வேண்டிய வாயு மின்கலத்திலுள்ள காரக் கரைசலோடு கூடிப் பைகார்பனேட் உப்பாகி, தான் வரும் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது.

இந்த அடைப்பு தீரும்வரை என் தேர்வு மெத்தனால். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு டன் மெத்தனால் சுமார் 1.4 டன் கரியமில வாயுவை உட்கொள்ளும். கூடவே ஏறக்குறைய 190 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். அந்த ஹைட்ரஜனைப் பிரிக்க மட்டும் 9,000 கிலோவாட் மணிக்கு மேல் மின்சாரம் தேவை. நிலக்கரியில் எடுத்த மின்சாரம் என்றால், உள்ளே போகும் வாயுவைப்போலப் பல மடங்கு புகைபோக்கி வழியே வெளியேறிவிடும்.