லூ பூவிடம் எங்கே அடி வாங்குவது: ஆரிஜின்ஸிலா, வோ லாங்கிலா?

மூன்று ராஜ்ஜியக் காலச் சீனாவை வைத்து வந்த ஆக்‌ஷன் கேம்களில் எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால், அந்தக் காலத்தின் அசகாயசூரனான லூ பூவிடம் எப்படி அடி வாங்க ஆசை என்றுதான் திருப்பிக் கேட்பேன். படையோடு சேர்ந்தா, ஒற்றைக்கு ஒற்றையா?

போட்டியில் இருப்பவை இரண்டு. 2023 மார்ச்சில் வந்த வோ லாங்: ஃபாலன் டைனஸ்டி, 2025 ஜனவரியில் வந்த டைனஸ்டி வாரியர்ஸ்: ஆரிஜின்ஸ். வெளியிட்டது இரண்டையுமே கோயி டெக்மோதான். முன்னதைச் செய்தது டீம் நிஞ்ஜா, பின்னதை ஒமேகா ஃபோர்ஸ். ஒரே வீட்டு அண்ணன் தம்பி சண்டை. கதையும் ஒரே இடத்தில், கி.பி. 184-இல் ஹான் பேரரசை எதிர்த்து வெடித்த மஞ்சள் தலைப்பாகைக் கிளர்ச்சியில்தான் தொடங்குகிறது.

வோ லாங் முதல் கட்டத்திலேயே கிளர்ச்சித் தளபதி சாங் லியாங்கைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. பலர் அங்கேயே கேமை மூடி வைத்துவிட்டார்கள். எதிரியின் அடி விழும் அந்த நொடியில் பட்டனை அழுத்தித் தட்டிவிட வேண்டும், சிவப்பாக மின்னி வரும் பெரிய அடியைக்கூட. அந்தத் தாளம் கைக்கு வந்துவிட்டால், ஹூலாவ் கணவாயில் லூ பூவோடு மோதுவது போல ஒரு வாள் சண்டையை வேறெங்கும் காண்பது கடினம். கஷ்டத்தைக் குறைக்கும் வசதி கிடையாது. எதிரிகளைக் கொன்றுதான் மன உறுதி என்ற அளவை ஏற்றிக்கொள்ள வேண்டும், கொடி நட்டால் அது ஒரு மட்டத்துக்குக் கீழே போகாது. செத்தால் அந்த மட்டம் வரை இறங்கும், கொன்றவனுக்கோ கூடும். அநியாயம்தான், ஆனால் பழகிவிடும்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. உள்நாட்டுப் போர் என்கிறார்கள், போரைத்தான் காணோம். ஒன்றிரண்டு துணைவர்களோடு சந்துபொந்தில் நடக்கிறோம், எதிரே பூதங்களும் பேய் மிருகங்களும். அந்தப் போரின் பெருந்தலைவர்களான சாவ் சாவும் லியூ பெய்யும் விருந்தாளிகள் மாதிரி வந்து போகிறார்கள்.

ஆரிஜின்ஸில் அதே ஹூலாவ் வேறு மாதிரி. அதிகாரத்தைப் பிடித்த கொடுங்கோலன் டோங் ஜுவோவை எதிர்த்துத் திரண்ட கூட்டணிப் படையில் நாமும் ஒருவர். திரையின் விளிம்பு வரை தலைகள். டோங் ஜுவோ பக்கம் நிற்கும் லூ பூ நுழைந்ததும் சிதறுவது நம் உடம்பு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கும் படையின் தெம்பும்தான். இந்தத் தொடர் என்றாலே ஒரே பட்டனை அமுக்கி ஆயிரம் பேரைச் சாய்ப்பது என்ற பழைய கிண்டல் இங்கே செல்லாது. எதிரித் தளபதிகளிடம் தடுத்து, தட்டிவிட்டு, நேரம் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். கஷ்ட நிலையையும் நாமே தேர்ந்தெடுக்கலாம்.

வரலாற்று ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை. ஹூலாவில் லூ பூவோடு நடந்ததாகச் சொல்லப்படும் அந்தப் புகழ்பெற்ற மோதல் 'மூன்று ராஜ்ஜியங்களின் காதை' என்ற 14ஆம் நூற்றாண்டுப் புதினத்தின் கைவண்ணம். 191-இல் டோங் ஜுவோவின் படையை உண்மையில் தோற்கடித்தவர் கூட்டணித் தளபதி சுன் ஜியான். இரண்டு கேமும் புதினத்தின் பக்கம்தான் சாய்கின்றன. லூ பூவை விட்டுவிட்டு இந்தக் கதையை யார் சொல்வார்கள், சொல்லுங்கள்?

ஆரிஜின்ஸில் எனக்குக் குறையாகப் பட்டவை இரண்டு. கதை 208-இன் சிவப்புப் பாறைப் போரோடு நின்றுவிடுகிறது. ஜின் வம்சம் 280-இல் நாட்டை ஒன்றாக்கும் வரை இன்னும் எவ்வளவோ இருக்கிறது. அப்புறம், பெரும்பாலும் பெயரற்ற ஒரு வீரனாகவே ஆட வேண்டும். லியூ பெய்யின் தோழர்கள் குவான் யூ, சாங் ஃபெய் போன்ற புகழ்பெற்ற வீரர்கள் கைக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் ஆரிஜின்ஸை எடுப்பேன், போர் அங்கேதான் இருக்கிறது. வீட்டில் பிளேஸ்டேஷன் 4 மட்டும் இருந்தால் வோ லாங், ஏனென்றால் ஆரிஜின்ஸ் அதில் வராது. இணையத்தில் நண்பர்களோடு சேர்ந்து ஆடவும் வோ லாங்தான். ஆரிஜின்ஸ் தனியாள் ஆட்டம். ஒரே சோபாவில் தம்பியோடு உட்கார்ந்து திரையைப் பிரித்து ஆட வேண்டுமா? சரி, இரண்டையும் விடுங்கள். 2013-இல் வந்த டைனஸ்டி வாரியர்ஸ் 8-ஐத் தேடிப் பிடியுங்கள். அதில் ஜின் கதையும் உண்டு.