கொழிஞ்சாம்பாறை மாடி அறையில் அமெரிக்க வரலாறு

என் மகள் பத்தாம் வகுப்பு படித்தபோது அவளை ஒரு டியூஷன் மையத்துக்கு அனுப்பினேன். அமெரிக்கப் புரட்சிக்கான காரணங்களை ஐந்து வரியில் எழுதித் தந்து ஒப்பிக்க வைத்தார்கள். மதிப்பெண் வந்தது. தேர்வு முடிந்து ஒரு மாதம் கழித்துக் கேட்டேன், ஒரு வரிகூட அவள் மனத்தில் இல்லை. அந்த ஆற்றாமையில்தான் இந்த ஆண்டு, பிளஸ் ஒன்னில் அவள் வரலாறு எடுத்ததும், இந்த வகுப்பைத் தேடிப் போனேன்.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஓர் உரக்கடைக்கு மேலே உள்ள மாடி அறை. பெயர்ப்பலகை கிடையாது. தமிழ்வழிப் பள்ளியில் பல ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நடத்துகிறார். ஞாயிறு காலை 10 மணி முதல் 12.30 வரை, மாதம் 400 ரூபாய், பதினான்கு பிள்ளைகள். திரும்பும் பஸ்ஸுக்காக நானும் பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ஆறு வாரம் முழுவதும் கேட்டிருக்கிறேன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஒரு ஞாயிறுக்கு ஒரு நிகழ்ச்சி. முதல் அரை மணி நேரம் ஆசிரியர் பேசுவார். பிறகு, "இது பெரிய மாற்றமா? யாருக்கு?" என்று கேட்டுவிட்டு நாற்காலியில் அமர்ந்துவிடுவார். பிள்ளைகள் எழுந்து பேச வேண்டும், வீட்டுக்குப் போய் அரைப் பக்கம் எழுதி வர வேண்டும். திருத்தித் தரும் தாளில் ஆண்டோ பெயரோ காரணமோ தவறியிருந்தால் சிவப்பு மை இருக்கும். கருத்தின் மீது ஒரு கோடும் விழாது. இந்த ஒன்றுக்காகவே 400 ரூபாய் கொடுக்கலாம்.

முதல் வாரம் பாஸ்டன் தேநீர்க் கலகம். 1773 டிசம்பர் 16 இரவு, பிரிட்டிஷ் வரியை எதிர்த்த அமெரிக்கக் குடியேறிகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் 300க்கும் மேற்பட்ட தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியதைச் சொன்னதும் ஒரு பையன், "நெல்லியாம்பதித் தேயிலையா, சார்?" என்று கேட்டான். யாரையும் சிரிக்க விடாமல் ஆசிரியர் பதில் சொன்னார். அப்போது இங்கே தேயிலைத் தோட்டங்களே இல்லை, அது சீனத் தேயிலை, ஆனால் கொண்டுபோன கம்பெனி நம்மை ஆண்ட அதே கம்பெனி. அந்தக் கேள்வியிலிருந்துதான் மூன்றாவது வாரப் பயணம் பிறந்தது என்று நினைக்கிறேன்.

பாலக்காடு கோட்டைக்கு அழைத்துச் சென்றார். ஹைதர் அலி 1766இல் கட்டிய கோட்டை. அதே ஆண்டில்தான், அமெரிக்கக் குடியேற்றங்கள் கொதித்தெழுந்ததால், பிரிட்டிஷ் பாராளுமன்றம் முத்திரைத்தாள் வரியைத் திரும்பப் பெற்றது. அகழி ஓரம் நின்றுகொண்டு அவர் சொன்னவை எனக்கே புதியவை. 1778இல் பிரான்ஸ் அமெரிக்கர் பக்கம் சேர்ந்தது. அதனால் இங்கே ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரர்களின் மாஹேயை 1779இல் பிடித்தார்கள். ஹைதர் சினந்து போருக்கு எழ அதுவும் ஒரு காரணம். அமெரிக்காவில் தொடங்கிய அந்தப் பெரும்போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று 1783 ஜூனில் நம் கடலூரில் நடந்தது. 1781இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்ற காரன்வாலிஸ், 1786இல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து மலபாரைப் பெற்றவர் அவர்தான்.

என் மகள் அன்று எழுதிய வரியை அப்படியே தருகிறேன்: "அங்கே தோற்றவர் இங்கே வந்து எங்களை ஜெயித்தார். அவர்கள் விடுதலையை நான் கொண்டாடலாமா என்று யோசிக்கிறேன்." பதினாறு வயதுப் பெண் இப்படி யோசிக்க வேண்டும் என்றுதானே பள்ளிக்கு அனுப்புகிறோம்!

நான்காவது வாரம் கொலராடோ ஆற்று ஒப்பந்தம். அமெரிக்க வரலாறு என்றால் போரும் ஜனாதிபதிகளும் என்று நினைத்திருந்தேன், ஆற்றுநீர் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. 1922இல் ஏழு மாநிலங்களுக்கு நீரைப் பங்கிட்டபோது கணக்குக்கு எடுத்த ஆண்டுகள் மழை மிகுந்தவை. ஆற்றில் இல்லாத நீருக்கும் பங்கு எழுதிவிட்டார்கள். மணக்கடவில் தமிழ்நாடு கேரளத்துக்குத் தர வேண்டிய ஆற்றுநீர் 7.25 டிஎம்சி என்ற எண்ணைப் பால்குடியிலிருந்தே கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சும்மா இருப்பார்களா? பறம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தையும் இதையும் பக்கம் பக்கமாக வைத்து ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். அப்பாவின் வயல் வாய்க்காலின் கடைமடையில் இருக்கும் ஒரு பெண், "மெக்சிகோதான் அங்கே கடைமடை. 1944 வரை அவர்களுக்கு உடன்படிக்கையே இல்லையே" என்றாள். கூட்டத்தில் பேசவே பேசாத பெண் அவள்.

ஐந்தாவது வாரம்தான் என்னை உலுக்கியது. 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் வெள்ளையர்களுக்கு மட்டுமான உணவு மேசையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். தரவில்லை. கடை மூடும்வரை உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். ஜூலையில் அந்த மேசை எல்லோருக்கும் திறந்தது.

ஒரு பையன் எழுந்தான். "என் தாத்தாவுக்கு டீக்கடையில் சிரட்டையில்தான் ஊற்றுவார்களாம். வெளியே நின்று குடிப்பார். இவர்கள் உள்ளே உட்கார்ந்து கேட்டார்கள். எனக்கு இதுதான் பெரிய மாற்றம்." அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இன்னொருவன் மறுத்தான். அடிமை முறையை ஒழித்த 1865ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம்தான் பெரிது, அது இல்லாமல் இந்த நால்வர் கல்லூரிக்கே போயிருக்க முடியாது என்றான். ஆசிரியர் யார் பக்கமும் சாயாமல் கரும்பலகையில் ஐந்து ஆண்டுகளை மட்டும் எழுதினார்: 1865, 1896, 1954, 1960, 1964. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் "தனி, ஆனால் சமம்" என்று உச்ச நீதிமன்றம் 1896இல் சொன்னதையும், பள்ளிகளில் அது செல்லாது என்று 1954இல் அதே நீதிமன்றம் சொன்னதையும், 1964இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்ததையும் விளக்கினார். 1865 திருத்தம் வந்த பிறகும் மேசையில் இடம் கிடைக்க 95 ஆண்டு ஆனது என்று தாத்தாவைப் பற்றிப் பேசிய பையனே கணக்குப் போட்டுச் சொன்னான்.

குறைகளும் உண்டு. பூர்வகுடிகளை வெளியேற்றியது பற்றிப் பாடநூலில் ஓர் அத்தியாயமே இருக்கிறது என்று சொல்லி, இரண்டாவது வாரம் அதை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். 1830 சட்டத்தையும், 1838இல் செரோக்கி மக்கள் வீடு வாசலை இழந்து நடந்ததில் ஆயிரக்கணக்கானோர் இறந்ததையும் சொன்னதோடு சரி. காடர், மலசர் பழங்குடி ஊர்கள் எங்களுக்கு இவ்வளவு அருகில் இருக்கும்போது, இந்தப் பிள்ளைகள் மற்ற எதைவிடவும் இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அவரிடமே சொன்னேன், குறித்துக்கொண்டார். பெண்களுக்கு வாக்குரிமை தந்த 1920 திருத்தம் பட்டியலிலேயே இல்லை. ஏழு பெண் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பு இது.

வரைபடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன, தமிழ்வழிப் பிள்ளைகள் திணறுகிறார்கள். கையால் எழுதி நகலெடுத்துத் தரும் தமிழ்க் குறிப்புகள் நன்றாக இருக்கின்றன. மாடிக்குத் தகரக் கூரை, மார்ச்சில் வெயில் தாங்காது, தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்புங்கள். தேர்வுக்கு வினா விடை மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் சரிவராது.

அடுத்த ஞாயிறு செரோக்கி பற்றி மறுபடியும் ஒரு வகுப்பு என்று நேற்று சொல்லி அனுப்பியிருக்கிறார். முழுதாக இரண்டரை மணி நேரம்.