செயின்ட் பிராண்டன்: தவணைக் குத்தகையா, நிரந்தரக் குத்தகையா?

மொரீஷியஸுக்கு வடகிழக்கே சுமார் 430 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது செயின்ட் பிராண்டன் பவளத் தீவுக்கூட்டம். 1927இல் தொடங்கிய ரஃபேல் ஃபிஷிங் கம்பெனிக்கு அங்கே 13 தீவுகளில் நிரந்தரக் குத்தகை உண்டு என்று 2008இல் மொரீஷியஸ் வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது.

குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் தரும் தவணைக் குத்தகையில் அரசின் கை ஓங்கும். காலம் முடிந்ததும் நிபந்தனையை மாற்றலாம், பச்சை ஆமைகள் முட்டையிடும் கரையை மூடலாம். ஆனால் கைவிட்டுப் போகப்போகிற தீவில் மீனை விட்டுவைக்க யாருக்கு மனசு வரும்?

நிரந்தரக் குத்தகையில் அந்த அவசரம் இல்லை. நாளைக்கும் இங்கேதான் பிழைப்பு என்ற எண்ணம் நிதானம் தரும். என் சாய்வு இந்தப் பக்கம்தான். சரி, கம்பெனி கைமாறினால்? அதற்காகவே ஆமைக்கும் கடற்பறவைக்கும் குத்தகையை மீறிய சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்கிறேன்.