டிரம் மாட்யூல் செட்டிங்ஸைக் காப்பாற்ற எது சரி: எஸ்டி கார்டா, பல்க் டம்ப்பா, கணினியா?

எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாசிப்பவர்களிடம் பேக்கப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் "பென்டிரைவ்ல போட்டு வெச்சிருக்கேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் இங்கே இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. மாட்யூல், அதாவது பேடில் விழும் அடியை ஒலியாக மாற்றுகிற பெட்டி, நாளைக்குச் செத்துப்போனாலும் இன்றைக்கு இருந்த நிலைக்கே திரும்ப வேண்டும் என்பது ஒன்று. நான் செய்த ஒரு கிட்டை (எந்த பேடில் எந்த ஒலி என்கிற தொகுப்பை), ஏற்கெனவே தன் கிட்டுகளை நிரப்பி வைத்திருக்கிற இன்னொருவரின் மாட்யூலில், அவருடையது எதுவும் கெடாமல் ஏற்ற வேண்டும் என்பது இன்னொன்று. முதல் வேலைக்கு நன்றாக இருக்கிற வழி இரண்டாவது வேலைக்கு ஆபத்தாகவே முடியலாம்.

எஸ்டி கார்டு அல்லது பென்டிரைவ் போடும் வசதி இருந்தால் அதுதான் முதல் தேர்வு, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரோலண்ட் டிடி-17, டிடி-27 இரண்டிலும் எஸ்டி கார்டு, ஆக்டபேட் எஸ்பிடி-30, எஸ்பிடி-எஸ்எக்ஸ் இரண்டிலும் யூஎஸ்பி. கேபிள் வேண்டாம், கணினி வேண்டாம், மேடைக்குப் பின்னால் நின்றபடியே செய்துவிடலாம். டிடி-17ஐ எடுத்துக்கொண்டால் அதில் முழு மாட்யூலையும் சேவ் செய்வது தனி, ஒரே ஒரு கிட்டை மட்டும் சேவ் செய்வது தனி. முழு சேவில் கிட்டுகள் மட்டுமல்ல, டிரிக்கர் செட்டிங்ஸும் சேர்ந்தே போகும், அதாவது ஒவ்வொரு பேடின் சென்சிட்டிவிட்டி, எவ்வளவு மெல்லிய அடி வரை ஒலிக்க வேண்டும் என்கிற த்ரெஷோல்ட், ஒரு பேடை அடித்தால் பக்கத்துப் பேட் தானாக ஒலிப்பதைத் தடுக்கிற கிராஸ்டாக் அளவு, ஹைஹாட் சரிசெய்த அளவு எல்லாம். உங்கள் சொந்த மாட்யூலுக்கு அது பெரிய வசதி. அதே ஃபைலை நண்பருக்குக் கொடுத்து அவரும் முழுசாக லோட் செய்தால், அவருடைய கிட்டுகள் அத்தனையும் அழிந்து உங்களுடையவை உட்காரும், கூடவே உங்கள் பேடுக்கும் உங்கள் கைக்கும் பொருத்தி வைத்த டிரிக்கர் அளவுகளும் அவர் பேடுகளில் ஏறிவிடும். ஒரு தடவை அடித்தால் இரண்டு தடவை ஒலிக்கும் டபுள் டிரிக்கர், மெதுவாகத் தட்டினால் சத்தமே இல்லை, ஏன் என்று அவருக்குப் புரியவே புரியாது. ஆகவே கொடுப்பதற்கு எப்போதும் கிட் சேவ்தான். அதைச் செய்யும்போது யூசர் சாம்பிளையும் (நீங்களே ஏற்றிய ஒலிப்பதிவுகளையும்) சேர்க்கச் சொல்லியிருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கிட் மட்டும் போகும், நீங்கள் ஏற்றி வைத்த தவில் சாம்பிள் போகாது.

கார்டைப் பற்றி ஒரு வார்த்தை. 32 ஜிபி வரையான எஸ்டிஎச்சி கார்டே போதும், ரொம்பவே அதிகம். 64 ஜிபி என்று பெருமையாக வாங்கிப் போட்டுவிட்டு "மாட்யூல் கார்டை எடுக்கவில்லை" என்று புலம்புவதில் அர்த்தமில்லை, அது எஸ்டிஎக்ஸ்சி என்கிற வேறு வகை. ஃபார்மேட்டையும் மாட்யூலிலேயே செய்வது நல்லது.

அடுத்தது பல்க் டம்ப், அதாவது இசைக்கருவிகள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் மிடி கேபிள் வழியாகச் செட்டிங்ஸ் மொத்தத்தையும் கணினிக்கோ இன்னொரு கருவிக்கோ அனுப்புவது. நம் மெல்லிசைக் குழுக்களில் ரொம்ப காலம் ஓடிய எஸ்பிடி-20 இந்த ரகம். அதில் யூஎஸ்பி கிடையாது, 99 பேட்ச்களும் (கிட்டுக்கு அதில் அந்தப் பெயர்) வெளியே வர வேண்டுமென்றால் மிடி அவுட் ஒன்றுதான் வாசல். மிடியின் வேகம் விநாடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவு பிட்களையும் சேர்த்துப் பத்து பிட் என்பதால், விநாடிக்குச் சுமார் 3 கிலோபைட்தான் நகரும். எந்த பேடில் எந்த டோன், எவ்வளவு பிட்ச், ஒலி அடங்க எவ்வளவு நேரம் (டிகே) என்கிற எண்கள் மட்டும் போனால் இது தாராளம், எஸ்பிடி-20க்கு அதுவே போதும், ஏனென்றால் ஒலிகள் கருவிக்குள்ளேயே நிரந்தரமாக இருக்கின்றன. ஆனால் சிடி தரத்தில் ஒரு விநாடி மோனோ சாம்பிளே 88,200 பைட், அதை இந்த வழியில் தள்ளினால் அரை நிமிடம் பிடிக்கும். சாம்பிள் காலத்தில் பல்க் டம்ப் ஏன் ஒதுங்கிப்போனது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

பல்க் டம்ப்பில் தொல்லை தருவது பெரும்பாலும் இரண்டு இடங்கள். ஒன்று, டிவைஸ் ஐடி, கருவிக்கு வைத்திருக்கும் அடையாள எண். அனுப்பும்போது இருந்த எண்ணும் வாங்கும் கருவியின் எண்ணும் வேறாக இருந்தால் எந்த எரர் செய்தியும் வராமல் பேசாமல் இருந்துவிடும். இன்னொன்று, மலிவான யூஎஸ்பி-மிடி கேபிள்கள். நோட் அனுப்பினால் ஒழுங்காக வேலை செய்யும், பல்க் டம்ப் பயணிக்கிற நீளமான சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ் தகவல் வந்தால் நடுவில் பைட்டுகளை விழுங்கிவிடும். நல்ல இன்டர்ஃபேஸும், விண்டோஸில் மிடி-ஆக்ஸ், மேக்கில் சிஸ்எக்ஸ் லைப்ரேரியன் போன்ற இலவச மென்பொருளும் இருந்தால் சமாளிக்கலாம். பழைய கருவி வைத்திருப்பவருக்கு வேறு வழியில்லை என்பதால் இதைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும், புதிய கருவி இருப்பவர் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

மூன்றாவது, கணினி மென்பொருள். எஸ்பிடி-எஸ்எக்ஸுக்கு வேவ் மேனேஜர் இருக்கிறது. 100 கிட், உள் நினைவகத்துக்குள் நூற்றுக்கணக்கான வேவ் ஃபைல்கள் என்று ஆனபின் அந்தச் சின்னத் திரையில் பெயர் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க யாராலும் முடியாது, அந்த இடத்தில் கணினிக்கு இணை கிடையாது. முதலில் பேடின் யூஎஸ்பி மோடை வேவ் மேனேஜருக்கு மாற்ற வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஆனால் இதையே பேக்கப்பாக நம்ப மாட்டேன். சாம்பிள்களை அடுக்குகிற மேசை அது. அடுக்கி முடித்ததும் பென்டிரைவில் முழு சேவ் ஒன்று எடுத்துவிட வேண்டும், கச்சேரி நடக்கிற இடத்தில் லேப்டாப் இருக்கும் என்று என்ன நிச்சயம்?

அப்புறம் போன் கேமரா. சிரிக்க வேண்டாம். அலெசிஸ் நைட்ரோ மாதிரி கார்டும் பென்டிரைவும் போட வழியில்லாத ஆரம்பநிலை மாட்யூலில் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வைப்பதே நடைமுறை வழி. டிரிக்கர் பக்கங்களைப் பெரிய மாட்யூல்காரர்களும் எடுத்து வைக்கலாம், மாடல் மாறும்போது கைகொடுப்பது அதுதான். டிடி-17இல் எடுத்த பேக்கப் டிடி-27இல் ஏறாது. ஒரே மாடலிலும், புது ஃபர்ம்வேரில் (மாட்யூலுக்குள் ஓடும் மென்பொருளில்) சேவ் செய்த ஃபைலைப் பழைய ஃபர்ம்வேர் ஏற்காமல் போகலாம், அதனால் இரண்டு பக்கமும் ஒரே பதிப்புதானா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

வாடகை பேடில் வாசிக்கப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. உங்கள் பென்டிரைவைச் செருகி நேராக லோட் ஆல் (எல்லாவற்றையும் ஏற்று) கொடுக்காதீர்கள். அதில் இருப்பதை முதலில் உங்கள் டிரைவிலேயே வேறொரு பெயரில் சேவ் செய்துகொண்டு, பிறகு உங்களுடையதை ஏற்றி, கச்சேரி முடிந்ததும் பழையதைத் திரும்ப ஏற்றிக் கொடுங்கள். சாம்பிள் நிறைய இருந்தால் இதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அதனால் சவுண்ட் செக்குக்கு முன்பே செய்துவிடுங்கள்.