பியர் காய்ச்ச எந்த பம்ப்: 12 வோல்ட்டா, 230 வோல்ட்டா?

லண்டனில் எங்கள் வீட்டு கராஜில் மாதம் ஒரு முறை பியர் காய்ச்சுகிறேன். ஒரு தடவைக்கு 23 லிட்டர், இந்த ஊர்க் கணக்கில் 5 கேலன். மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) வெந்நீரில் ஊறும்போது சாற்றைச் சுற்றவிடவும், கொதித்து முடிந்ததும் ஆறவைக்கும் குழாய்க்குள் தள்ளவும் ஒரு பம்ப் தேவை. எதிரே இரண்டு வழி: சுவர் பிளக்கில் நேராகச் செருகும் 230 வோல்ட் பம்ப், அல்லது அடாப்டரில் ஓடும் 12 வோல்ட் குட்டி பம்ப். சோலார் வெந்நீருக்கு என்று விற்கிறார்களே, உள்ளங்கையில் அடங்கிவிடும், அதுதான். நான் குட்டி பம்ப் கட்சி.

விலை, எடை, வேகம் எல்லாம் தெரிந்த கதை. 230 வோல்ட் பம்ப் வேகமாகத் தள்ளும். மற்றது மெதுவாக, விலை குறைவு. ஒன்று மட்டும்: லேபிளில் ‘5 மீட்டர்’ என்று இருந்தால், அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது என்று பொருள். ‘நிமிடத்துக்கு 8 லிட்டர்’ என்பது உயரமே இல்லாதபோது வரும் அளவு. இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு விஷயம். கொதிக்கிற பானையோடு நிற்கும்போது பம்ப் நின்றுவிட்டால், பழுது எங்கே என்று எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும்?

போன வருஷம் பம்ப் ‘டக், டக்’ என்று ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. அடாப்டரின் பச்சை விளக்கும் அதே தாளத்தில் மினுக்கியது. பம்ப் போச்சு என்று முடிவு கட்டி புதிது வாங்கினேன். அதுவும் டக், டக். அப்புறம்தான் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். பம்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் 12.1 வோல்ட், குறையே இல்லை. மாட்டி ஓடவிட்டதும் 7-க்கு விழுந்தது, ஏறியது, மறுபடி விழுந்தது. பம்போடு வந்த அடாப்டர்தான் சொத்தை. ‘2 ஆம்பியர்’ என்பது ஸ்டிக்கரோடு சரி. பழைய ரௌட்டரின் 12 வோல்ட் அடாப்டரை மாட்டினேன், இரண்டு பம்பும் ஓடின.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வழிமுறை. பம்ப் ஓடவேண்டிய நேரத்தில், மாட்டியபடியே வோல்ட்டைப் பார்ப்பது. விழுந்தால் பெரும்பாலும் அடாப்டர். மாற்று அடாப்டரிலும் விழுந்தால் பம்ப். விழாமல் 12-லேயே நிற்கிறது, பம்பில் சத்தமே இல்லை என்றால், ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பு தரும் பூ) சக்கை பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரில் சிக்கியிருக்கும். நான்கு திருகு கழற்றி அலசினால் போதும். சத்தம் வருகிறது, சாறு வரவில்லை என்றால் காற்று அடைத்திருக்கிறது. ஊரில் போர் மோட்டாருக்குச் சொல்வோமே, அதே ஏர் லாக். இந்த பம்புகள் தாமாக உறிஞ்சாது. பானைக்குக் கீழே வைத்து, சாறு வெளியேறும் வாயை மேல்நோக்கித் திருப்பி, சாறு தானாக இறங்கியபின் ஸ்விட்சைப் போடவேண்டும். வேகத்தைக் குறைக்க வால்வு வைத்தால் வெளியேறும் பக்கம்தான், உள்ளே வரும் பக்கம் கூடாது.

230 வோல்ட் பம்ப் நின்றால்? பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸைப் பார்க்கலாம். அதைத் தாண்டி, ஈரத் தரையில், பிசுபிசுத்த கையோடு அதைத் திறந்து கரன்ட் ஓடும்போது அளக்க நான் தயாரில்லை.

12 வோல்ட்டிலும் வம்புகள் உண்டு. பழைய லேப்டாப் அடாப்டர் 19 வோல்ட், மாட்டிவிடாதீர்கள். அடாப்டர் முனையில் 2.1, 2.5 மில்லிமீட்டர் என இரண்டு துளை அளவு இருக்கிறது, 2.1 ஊசிக்கு 2.5 முனையைச் செருகினால் உள்ளே போகும், ஆனால் லொடலொடவென்று ஆடி, தொட்டால் ஓடும், விட்டால் நிற்கும். எல்இடி பட்டைக்கு வரும் தகரப்பெட்டி சப்ளையில் 230 வோல்ட் திருகுகள் வெளியே தெரியும், அது கராஜுக்கு ஆகாது.

கொதிநிலைக்குப் பக்கத்தில் இரண்டு பம்புமே கூழாங்கல் உருளுகிற மாதிரி சத்தம் போடும். உறிஞ்சும் இடத்தில் அழுத்தம் குறைந்து சாறு அங்கேயே ஆவியாவதுதான் காரணம். அடுப்பை அணைத்துச் சில நிமிடம் பொறுத்தால் அடங்கிவிடும். இதற்காக பம்பை மாற்றவேண்டாம்.

நண்பர் ஒருவர் 50 லிட்டர் காய்ச்சுகிறார், அவரிடம் இருப்பது 230 வோல்ட் பம்ப். அதில் மூன்று முறைதான் கூடமாட வேலை செய்திருக்கிறேன். ஒரு முறைகூட முரண்டு பிடிக்கவில்லை. அந்த அளவுக்கு என் குட்டி பம்ப் மூச்சுவாங்கும், ஒப்புக்கொள்கிறேன். 23 லிட்டர்காரர்கள் 230 வோல்ட் பம்புக்கு ஆகும் காசில் குட்டி பம்பும் இரண்டு நல்ல அடாப்டரும் வாங்கலாம்.