பர்னஸ் பால்: ஸ்காட்லாந்து வணிகச் சட்ட நிறுவனம், ஒரு மதிப்பீடு

2012-இல் பர்னஸ், அபர்தீனின் பால் அண்ட் வில்லியம்சன்ஸ் என்ற இரு சட்ட நிறுவனங்கள் இணைந்து உருவானது பர்னஸ் பால். எடின்பரோ, கிளாஸ்கோ, அபர்தீனில் அலுவலகங்கள். அதே காலகட்டத்தில் மெக்ரிகர்ஸ் (2012), டண்டாஸ் அண்ட் வில்சன் (2014), மக்லே மரே அண்ட் ஸ்பென்ஸ் (2017) ஆகிய மற்ற ஸ்காட்லாந்துச் சட்ட நிறுவனங்கள் பெரிய நிறுவனங்களில் கரைந்தன. பர்னஸ் பால் தனித்து நின்றது. எனக்கு அதுவே பெரிய மதிப்பு. நிறுவனங்களை வாங்குதல், வங்கிக் கடன், வணிகச் சொத்து ஆகியவற்றோடு, அபர்தீன் வழியாக வந்த வடகடல் எண்ணெய் அனுபவமும் இதன் பலம்.

ஸ்காட்லாந்துச் சட்டம் தெரிந்தவர் ஏன் வேண்டும்? இங்கே நிலத்தின் மீதான அடமானம் ஸ்காட்லாந்து நிலப் பதிவேட்டில் ஏறிய பிறகே உருவாகிறது. கடன் வாங்குவது நிறுவனமென்றால், அந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் பிரிட்டனின் நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸிலும் பதிய வேண்டும். தவறினால், நிறுவனம் நொடிக்கும்போது அதன் சொத்தைக் கையாளும் கலைப்பாளரிடம் அந்த அடமானம் செல்லாது. லண்டன் ஆவண மாதிரியை அப்படியே கொண்டுவருபவர்கள் இடறுவது இங்கேதான்.

சிறு தகராறுகளுக்கு இவ்வளவு பெரிய நிறுவனம் தேவையில்லை. பெரிய வேலையென்றால், கட்டண வரம்பையும் மதிப்புக்கூட்டு வரி 20% அதில் அடங்குமா என்பதையும் வழக்கறிஞரை அமர்த்தும் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.