தனுஷ்கோடிக்கு ஜீப்: கதவோடா, கதவில்லாமலா?

ஜீப்பின் கதவுகளைக் கழற்றிவிட்டு ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை போனால், இடப்பக்கம் பெண்கடல் என்கிற வங்கக்கடல், வலப்பக்கம் ஆண்கடல் என்கிற மன்னார் வளைகுடா, இரண்டும் மடியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அந்தச் சுகம் கதவோடு போனால் கிடைக்கவே கிடைக்காது. மணலில் இறங்கும்போது இன்னொரு லாபம்: குனிந்து பார்த்தால் முன்சக்கரம் எவ்வளவு புதைகிறது என்று தெரிந்துவிடும்.

ஆனால் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் நான் கதவைத் தொடவே மாட்டேன். போகும்போது காற்று ஓட்டுநர் பக்கமாகத்தான் அடிக்கும். தார்ச்சாலை மேல் பாம்பு மாதிரி நெளிந்து வரும் மணல் முழங்காலில் ஊசியாய்க் குத்தும், கியர் லீவர் உறைக்குள்ளும் சீட் பெல்ட் கொக்கிக்குள்ளும் புகுந்துவிடும். ஒருமுறை பெல்ட் மாட்டாமல் அரைமணி நேரம் அல்லாடினேன். வீடு வந்ததும் கீல், போல்ட் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடாவிட்டால், உப்பு அரித்துவிடும்.

கதவோடு போனால் பிள்ளைகளைப் பற்றிக் கவலை இல்லை, பாம்பன் பாலத்தில் பக்கக்காற்று முகத்தில் அறையாது. பல வண்டிகளில் பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடி கதவில்தான் இருக்கிறது. அதைக் கழற்றினால் தனியாக வேறு கண்ணாடி மாட்டியே ஆக வேண்டும்.

என் வழக்கம் இதுதான்: காற்று அடங்கிய மாசி, பங்குனிக் காலையில், பெரியவர்கள் மட்டும் என்றால் கதவில்லாமல். அப்போதும் பெல்ட் கட்டாயம், வேகம் நாற்பதுக்குள். மற்ற நாளெல்லாம் கதவோடுதான்.